கொங்கு நாட்டிலிருந்து காயலுக்கு: கயாக் இறக்க ஏற்ற கரையைக் கண்டுபிடிக்கும் வழி

கேட்கப்பட்டது இதுதான்: திருப்பூர்ப் பக்கம் நண்பர்கள் சிலர் மேலே உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் சிறு படகான பிளாஸ்டிக் கயாக் இரண்டு வாங்கியிருக்கிறார்கள். குளத்துத் தண்ணீரில் ஓட்டிப் பழகிவிட்டது. இனி கடலோரக் காயல், கழி (கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி), முகத்துவாரம் (ஆறோ கழியோ கடலில் சேரும் வாய்) பக்கம் போக ஆசை. எங்கே இறக்கலாம், நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இடங்களின் பெயரைக் கீழே சொல்கிறேன். ஆனால் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வண்டி ஏறிவிடாதீர்கள். குளத்தில் காலை ஏழு மணிக்கு எங்கே தண்ணீர் நிற்கிறதோ, மதியம் ஒரு மணிக்கும் அங்கேதான் நிற்கும். கழியில் அப்படி இல்லை. காலையில் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் மதியம் நாற்பது மீட்டர் தள்ளிப் போய், நடுவில் முழங்கால் புதையும் சேறாகக் கிடக்கும். இறக்குவது எந்தக் கரையிலும் முடியும். களைத்த கையோடு, எதிர்க்காற்றில், வற்றிய தண்ணீரில் திரும்ப வந்து ஏற முடிகிற கரைதான் நல்ல கரை. இதை அளவுகோலாக வைத்தால் படத்தில் பார்த்து மயங்கிய இடங்களில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை என்றாலும் நம் தண்ணீர் இரண்டு கடலுக்கும் போகிறது. ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழையாகி, பாரதப் புழையில் சேர்ந்து, பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகிறது. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் சேர, மிகுநீர் கொள்ளிடம் வழியாகப் பிச்சாவரத்துக்குத் தெற்கே வங்கக் கடலில் விழுகிறது. மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய், குதிரான் சுரங்கம் வழியாக மூன்று நான்கு மணி நேரத்தில் காயல். கிழக்கே போனால் கரூர், திருச்சி தாண்டி ஏழு மணி நேரமாவது ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மேற்குதான் வசதி: ஒரே நாளில் போய்த் திரும்பலாம், கரை நெடுகப் பழைய தோணித்துறைகளும் உண்டு.

முதல் வேலை வீட்டிலேயே, செயற்கைக்கோள் வரைபடத்தில். கேரளத்தில் ‘கடவு’, ‘ஜெட்டி’ என்று தேடுங்கள். கடவு என்றால் தோணியில் ஆளேற்றி அக்கரை கடத்திய துறை. பாலம் வந்ததும் பல கடவுகள் ஆளில்லாமல் போய்விட்டன. படிக்கட்டும் சாலையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. கயாக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. தமிழ்நாட்டுக் கரையில் ‘படகுத்துறை’, ‘மீன் இறங்குதளம்’ என்று இருக்கும். ஊர்ப்பெயரில் ‘அழி’ இருந்தால் அது முகத்துவாரம் பக்கம் என்று பொருள்; அழிக்கோடு அப்படித்தான். அங்கே நீரோட்டம் பலமாக இருக்கும், புதியவர்கள் தள்ளியே இருக்கலாம்.

ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கிப் புரட்டலாம். ஒரே கரையின் ஏழெட்டுப் படங்களைப் பார்த்தால் சிலவற்றில் தண்ணீர் கரையை ஒட்டியும் சிலவற்றில் பழுப்புத் திட்டாகவும் தெரியும். எல்லாப் படத்திலும் கரையை ஒட்டிக் கருநீலமாக இருந்தால் அங்கே ஆழம் நிலையாக உண்டு. பழுப்பு வந்து வந்து போனால் அது சேற்றுத் திட்டு. முகத்துவாரத்தையும் இப்படியே பாருங்கள். சிறிய கழிகளின் வாயை மணல் மேடு அடைத்துவிடும், மழை வெள்ளம் வரும்போது உடையும். குமரி மாவட்டத்தில் இதைப் பொழி என்பார்கள். பொழி அடைத்திருக்கும் காலத்தில் உள்ளே ஓட்டமே இராது, குளம் மாதிரிதான். உடைந்த இரண்டொரு நாளில் அதே தண்ணீர் கடலை நோக்கிப் பாயும். அந்த நாட்களில் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

அடுத்தது ஏற்றவற்றம். இதில்தான் உள்நாட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடல் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் சொச்சம். மறுநாள் அதே நிலை சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். நம் கரைகளில் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். குறைவாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆறு மணி நேரத்தில் தண்ணீர் ஒரே சீராக வற்றுவதில்லை. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. வித்தியாசம் 90 செ.மீ. என்றால் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் 45 செ.மீ. இறங்கிவிடும். கரை ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இருந்தால் 90 செ.மீ. வற்றும்போது 45 மீட்டர் நிலம் வெளியே வரும். 25 கிலோ கயாக்கைச் சேற்றில் 45 மீட்டர் தூக்க யாராலும் ஆகாது. அதே கரை ஐந்துக்கு ஒன்று சரிவாக இருந்தால் நாலரை மீட்டர்தான். ஆகவே கரையின் சரிவுதான் முதலில் பார்க்க வேண்டியது, மற்றதெல்லாம் அப்புறம்.

ஆள் ஏறிய கயாக் 10 முதல் 15 செ.மீ. வரை தண்ணீருக்குள் அமிழும். துடுப்பு வலிக்க 30 செ.மீ.யாவது வேண்டும். ஆக, அடிவற்றத்தில் கரையிலிருந்து மூன்று மீட்டருக்குள் ஒரு முழ ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள். வற்றம் வரை காத்திருக்க நேரமில்லை என்றால் கல்லும் தூணும் சொல்லும். படிக்கட்டிலோ பாலத் தூணிலோ சிப்பி ஒட்டியிருக்கும் மேல் எல்லை ஏற்றத்தின் உயரத்துக்கு ஓர் அடையாளம். அதிலிருந்து ஒரு மீட்டர் கீழே என்ன இருக்கிறது, படியா, மணலா, சேறா என்று பார்த்தால் திரும்பி வரும்போது என்ன காத்திருக்கும் என்பது புரிந்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த ஓரிரு நாளிலும் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியிலிருந்து தசமி வரை சிறிதாக இருக்கும். சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளே போதும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும்தான் முதன்முதலாகக் கழியில் கயாக் இறக்குகிறவருக்கு மிக நல்ல நாட்கள். மணிக்கணக்கு வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்கோய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் துறைமுக வாரியாக ஏற்றவற்ற நேரம் தருகிறது. அது கடல்முகத்து நேரம் என்பது நினைவிருக்கட்டும். கழிக்குள்ளே போகப் போக ஏற்றம் தாமதமாகும், உயரமும் குறையும். பழவேற்காடு மாதிரி விரிந்த ஏரிகளில் கடலின் ஏற்றவற்றத்தில் சிறு பங்குதான் உள்ளே எட்டும். அங்கே தண்ணீரைக் கரைக்குக் கரை தள்ளுவது காற்றுதான்.

நிதானமாகத் துடுப்பு வலிப்பவர் மணிக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர் போவார். குறுகலான வாயில் வற்றத்தின் ஓட்டமும் அதே வேகத்துக்கு வரக்கூடும். எதிர்த்து வலித்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். ஆகவே முகத்துவாரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கரையைத் தேர்ந்து, உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறக்கி, ஏறுகிற தண்ணீரோடு உள்பக்கம் போய், வற்றத் தொடங்கி முதல் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் தண்ணீரே தள்ளும். இறக்கிய கரைக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே ஒதுங்க இன்னொரு கரையும் வேண்டும். தவறிக் கடந்துவிட்டால் அதில் ஏறிக்கொள்ளலாம். பாலத்தை ஒட்டி மேல்பக்கம் இறக்க வேண்டாம். வற்றும்போது ஓட்டம் நேராகத் தூணில் கொண்டுபோய்ச் சாத்தும்; கயாக் குறுக்கே சிக்கினால் தண்ணீரின் எடை முழுவதும் அதன் மேல் விழும். இருநூறு மீட்டராவது தள்ளியிருங்கள்.

காற்றைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் உடுமலை, பல்லடம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காற்று கணவாய்க்கு அப்பால் பொன்னானிப் பக்கம் கடலைக் கலக்கிவிட்டுத்தான் இங்கே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரைக் காயல்களில் மழையும் வெள்ளமும் ஆகாயத்தாமரையும் சேர்ந்திருக்கும். அந்த நான்கு மாதத்தை விட்டுவிடுங்கள். பலரும் யோசிக்காதது கார்த்திகை முதல் தை வரை அடிப்பது. அப்போது கணவாய் வழியாகக் காற்று திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே வீசும். பாலக்காட்டிலும் திருச்சூரிலும் இதை விருச்சிகக் காற்று என்பார்கள். கரையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும், ஏனென்றால் காற்று முதுகுப்பக்கமிருந்து வருகிறது. நடுவுக்குப் போனதும் அது கடலை நோக்கித் தள்ளும். கூடவே வற்றமும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். மார்கழிக் காலையில் பொன்னானி, சேற்றுவா முகத்துவாரங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மாசி, பங்குனியில் கணக்கு மாறும். காலையில் அமைதி, பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பி மதியம் வலுக்கும். கேரளக் காயல்கள் பெரும்பாலும் கடற்கரைக்கு இணையாக நீண்டு கிடப்பவை. கடற்காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்குக் கரையின் தென்னைகள் அதை மறைக்கும், அந்தக் கரையை ஒட்டித் தண்ணீர் அடங்கியிருக்கும். கிழக்குக் கரையில் அலை மோதும். மேற்குக் கரையில் இறக்கி, கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளேயே போய், அதே பக்கம் திரும்புவதுதான் புதியவர்களுக்குச் சரி. கிழக்கே கடந்துவிட்டால் திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. வெள்ளென நாலு மணிக்குத் திருப்பூரை விட்டால் எட்டு, எட்டரைக்குத் தண்ணீரில் இருக்கலாம். பதினொன்றுக்குள் ஏறிவிடுவது போலத் திட்டமிடுங்கள்.

கரைக்குப் போனதும் கயாக்கை வண்டியிலிருந்து இறக்கும் முன் துடுப்பின் தண்டால் தரையைக் குத்திப் பாருங்கள். கை எடையிலேயே ஓர் அடிக்கு மேல் இறங்கினால் அங்கே கால் வைக்கக் கூடாது. முத்துப்பேட்டை போன்ற இடங்களில் மேலே காய்ந்த மாதிரி தெரியும் சேறு கீழே களியாக இருக்கும். காலை உருவ முயன்றால் இன்னொரு கால் இறங்கும். சிக்கிக்கொண்டால் எழுந்து நிற்காமல் கயாக்கின் மேல் மார்பைச் சாய்த்துப் படுத்து, பாதத்தை மெல்ல ஆட்டி ஆட்டித் தளர்த்தி எடுக்க வேண்டும். மணல் கலந்த கெட்டித் தரை, கல்படி, வண்டல் படியாத சிமெண்டுச் சரிவு ஆகிய மூன்றும் நம்பத் தக்கவை. பாசி பிடித்த படியில் ஏற்றம் வரை நனையும் பகுதி வழுக்கும். அதற்கு மேல் உள்ள உலர்ந்த படியிலிருந்தே கயாக்கைக் கயிற்றால் இறக்குங்கள்.

சிப்பி இருக்கும் கரையில் ரப்பர்ச் செருப்பு உதவாது. கெட்டி அடியுள்ள, குதிகால் மூடிய காலணி வேண்டும். காற்றடைக்கும் கயாக்கைச் சிப்பிப் பாறை ஒரே இழுப்பில் கிழித்துவிடும். ஆழமில்லா மணலில் நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். அலையாத்திக் காட்டில் ஒதுங்கும்போது தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல், தற்காலிகமாகப் பார்வையே மங்கும். சுரபுன்னையின் விழுதுகளுக்குள்ளும் கயாக்கை நுழைக்காதீர்கள். வற்றினால் மூக்கு அதில் தொங்கி நிற்கும்.

அங்கே உள்ளவர்களிடம் கேளுங்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரை விட அந்தத் தண்ணீரை அறிந்தவர் இல்லை. ‘அண்ணா, வத்தம் எத்தனை மணிக்கு? வலை எங்கே கட்டியிருக்கு? சேறு எந்தப் பக்கம்?’ என்ற மூன்று கேள்வி போதும். கேரளத்தில் சேட்டா என்று கூப்பிட்டால் தமிழிலேயே பதில் சொல்வார்கள், நம் பக்கம் வந்து வேலை செய்தவர்கள் நிறைய. வலைக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கேரளக் காயல்களில் ஊன்னி வலை என்று, தண்ணீருக்குள் கம்பு நட்டு வரிசையாகக் கட்டியிருப்பார்கள். வற்றும் ஓட்டத்தில் மீன் வந்து விழுவதற்காகக் கட்டுவது. அதே ஓட்டத்தில் கயாக்கும் போய் விழும். அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு அதில் இருக்கிறது. கம்பு வரிசை தெரிந்தால் ஓட்டத்துக்கு மேல்பக்கம் போகவே கூடாது. மீன் இறங்குதளமாக இருந்தால் விடிகாலையில் படகுகள் வரும் நேரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். வலை காயும் இடத்தில் வண்டி நிறுத்த வேண்டாம். ஒரு முறை மனம் கசந்தால் அடுத்து வரும் கயாக்காரர் யாருக்கும் அந்தத் துறை கிடைக்காது.

இனி இடங்கள். முதல் பயணத்துக்குப் பொன்னானிக்கு அருகே உள்ள பிய்யம் காயலைச் சொல்வேன். ஓணப் படகுப் போட்டி நடக்கும் காயல் அது. மதகுப் பாலம் கட்டி உப்புநீரைத் தடுத்திருப்பதால் ஏற்றவற்றத் தொல்லை குறைவு. மதகுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள், திறந்திருந்தால் இழுக்கும். இரண்டாவது, சேற்றுவா. தேசிய நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கிழக்கே உள்பக்கம் அலையாத்தித் தீவுகள் உண்டு, அவற்றின் மறைவில் நிதானமாகச் சுற்றலாம். பாலத்துக்கு மேற்கே முகத்துவாரம், அந்தப் பக்கம் வேண்டாம். மூன்றாவது, கொடுங்கல்லூர்க் கோட்டப்புறம் பகுதி. தண்ணீர் அகலம், சீன வலைகள் அதிகம். முனம்பம் பக்கம் விசைப்படகுகள் வேகமாக வரும், அவற்றின் அலை கயாக்கைப் பக்கவாட்டில் கவிழ்க்கும். கொச்சிக்கு அருகே கடமக்குடித் தீவுகளில் குறுகிய வாய்க்கால்கள் நிறைய, காற்று மறைவும் நல்லது. கொச்சித் துறைமுகக் கப்பல் வழிக்குள் கயாக்கோடு நுழையவே கூடாது.

கிழக்குக் கடற்கரையில் அனுமதிதான் முதல் கேள்வி. பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சர் என்ற சர்வதேசப் பட்டியலில் உள்ள ஈரநிலமும் கூட. சொந்தக் கயாக்கை இறக்க வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும். முத்துப்பேட்டைக் காயலுக்கு ஜாம்புவானோடைத் துறையிலிருந்து கோரையாறு வழியாகப் போவார்கள், அங்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையே கயாக் விடுகிறது. சொந்தக் கயாக்கைக் கட்டி இழுத்துப் போவதை விட முதல் முறை அங்கே போய் அவர்கள் கயாக்கில் அலையாத்தி நீரைப் பழகுவது நல்லது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் அனுமதியின்றிக் கரையேறக் கூடாது. எண்ணூர்க் கழியை, 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பின், பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன்.

கொள்ளிடத்தைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. சிதம்பரம் பக்கம் கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. உப்புநீர்க் கழியில் இறக்க இடமில்லை என்று ஆற்றின் நன்னீர்ப் பக்கம் போய் இறக்கிவிடாதீர்கள். நம் அமராவதி, பவானிசாகர் அணைகளிலும் முதலை உண்டு என்பதால் பயிற்சிக்கு அங்கே இறக்கும் எண்ணமும் வேண்டாம். அணை நீரில் பொதுப்பணி, நீர்வளத் துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் முடியாது. இன்னொன்று: மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அந்தத் தண்ணீர் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில்தான் போகும். வரத்து அடங்கும் வரை அந்த முகத்துவாரம் பக்கம் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையையே விட்டுவிட்டு, தை பிறந்த பின் போங்கள்.

வண்டியில் கட்டும்போது பற்சக்கரம் வைத்து இறுக்கும் பட்டையைத் தவிர்த்து, கையால் இழுக்கும் கொக்கிப் பட்டையைப் பயன்படுத்துங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் வெயிலில் பிளாஸ்டிக் அடிப்பாகம் குழிந்துவிடும். மூக்கிலும் வாலிலும் தனிக்கயிறு வேண்டும், கணவாய்க் காற்று பக்கவாட்டில் தூக்கும். மிதவை அங்கி தண்ணீரில் இறங்கும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கில் கட்டி வைப்பதால் பயனில்லை. ஆளுக்கொரு ஊதல், நீர் புகாத உறையில் கைப்பேசி. கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் முன்பே பதிந்துவையுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு இன்கோய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்கள். ‘கள்ளக்கடல்’ என்று போட்டிருந்தால் உள்ளூரில் காற்றே இல்லாவிட்டாலும் தொலைவிலிருந்து அலை வந்து முகத்துவாரத்தில் ஏறும், அன்று கரைதான். வெள்ளம் வடிந்த புதிதில் காலில் புண்ணோடு காயலில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் பரவுகிறது.

திரும்பி வரும்போது இறக்கிய கரை வற்றிச் சேறாகிக் கிடந்தால் அவசரப்பட்டு இறங்காதீர்கள். ஆழம் உள்ள இடத்தில் கம்பிலோ மரத்திலோ கயிற்றைத் தளரக் கட்டி, தலைக்குத் துண்டைப் போட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அடிவற்றம் முடிந்து மூன்று மணி நேரத்தில் பாதித் தண்ணீர் திரும்பிவிடும். அதற்காகவே ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீரும் ஒரு வேளைக் கட்டுச்சோறும் கயாக்கில் எப்போதும் இருக்கட்டும்.